உட்கார்ந்திருக்கிறவன் எப்படி 'விரைகாலன்' ஆனான்? – இலியட் வாசிப்பில் ஒரு சந்தேகம்

செம்பருத்தி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். இரண்டு மாதமாக பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் டிராய் போர்க் காவியமான இலியட்டை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகம் போகிற மின்சார ரயிலில் நாற்பது நிமிடம், திரும்பும்போது நாற்பது நிமிடம். உட்கார இடம் கிடைத்த நாளில் இருபது பக்கம் ஓடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஐந்தாறுதான். இருபத்து நான்கு காண்டங்களில் இப்போது 9இல் நிற்கிறேன்.

கதை இழுக்கிறது, அதில் குறை இல்லை. தன் பங்குக்கு வந்த பெண்ணை கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் பறித்துக்கொண்டான் என்ற கோபத்தில் பெருவீரன் அக்கிலீஸ் போருக்கே வராமல் கூடாரத்தில் இருக்கிறான். சமாதானம் பேச ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வரும்போது அவன் யாழ் மீட்டிப் பழைய வீரர்களின் புகழைப் பாடிக்கொண்டிருக்கிறான். எதிரே நண்பன் பத்ரோக்ளஸ் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறான். வந்தவர்களுக்கு அக்கிலீஸே கறியை அறுத்துச் சுட்டு விருந்து வைக்கிறான். சாப்பிட்டு முடிந்து, வந்தவர்களில் ஒருவனான ஒடிசியஸ் நீளமாகப் பேசி நிறுத்தியதும் கவிஞர் சொல்கிறார்: விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ் அவனுக்கு மறுமொழி சொன்னான்.

அவன் உட்கார்ந்துதானே இருக்கிறான்! கால் எதற்கு இங்கே?

கப்பல்களும் அப்படித்தான். ஒன்பது வருடம் கரையில் கிடந்து மரம் உளுத்துவிட்டது, கயிறு இற்றுப்போய்விட்டது என்று 2ஆம் காண்டத்தில் அகமெம்னனே புலம்புகிறான். ஆனாலும் அவை 'விரைந்த கப்பல்கள்'தான். விடியல் வந்தால் 'ரோஜா விரல்களோடு'தான் வருவாள். இது கவிஞரின் கவனக்குறைவா? மொழிபெயர்ப்பில் ஏதாவது கோளாறா? இல்லை, எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?

டீக்கடை_பெஞ்சு | ஞாயிறு, இரவு 9:31

நம் ஊரில் ஒரு தலைவர் பெயரைப் பட்டம் இல்லாமல் மேடையில் சொல்லிப் பாருங்கள். மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். அக்கிலீஸுக்கு மட்டும் என்ன குறைச்சல்?

வெண்பாப்பிரியன் | ஞாயிறு, இரவு 10:05

பெஞ்சுக்காரர் வேடிக்கையாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மீதிப் பாதிதான் முக்கியம், அம்மா.

நான் முப்பது வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன், கிரேக்கம் தெரியாது. மகன் வாங்கித் தந்த புத்தகங்களின் புண்ணியத்தில் கொஞ்சம் தெரியும். ஹோமரின் அடி ஆறு சீர் கொண்டது. ஒவ்வொரு சீரும் ஒரு நெட்டசையும் இரண்டு குற்றசையும், அல்லது இரண்டு நெட்டசைகள். ஏறக்குறைய பதினாறாயிரம் அடி இலியட்டில், பன்னிரண்டாயிரம் அடி அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியில், முழுக்க முழுக்க இந்த ஒரே அளவுதான். அடி முடிகிற இடத்தில் வீரன் பெயரை வைத்தால், பெயருக்கு முன்னால் மிச்சம் இருக்கிற இடத்தை எதையாவது போட்டு அடைக்க வேண்டும். வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். ஈற்றடியில் ஒரு அசை குறைந்தால் இரவு தூக்கம் போய்விடும்.

நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: இசைநிறை. பொருளுக்காக வராமல் ஓசையை நிறைக்க வருகிற சொல். ஆகவே 'விரைகாலன்' என்பது இசைநிறை. அதைப் பொருளாக எடுத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

கடலோடி72 | திங்கள், அதிகாலை 12:48

ஐயா சொன்ன இசைநிறை அருமையான சொல். ஆனால் அதோடு விட்டால் கதையின் சுவையான பகுதி போய்விடும். நான் கப்பலில் வேலை செய்பவன், இப்போது இரவுக் காவல் முடித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்மன் பாரி என்று ஒரு அமெரிக்கர், 1902இல் பிறந்தவர். செம்பருத்தி கேட்ட இதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். பதிலாக 1928இல் பாரிஸில் ஆய்வேட்டையே சமர்ப்பித்தார். அவர் செய்தது கணக்கு. அக்கிலீஸுக்கு எத்தனை அடைமொழி, ஒவ்வொன்றும் அடியில் எந்த இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தார். அடியின் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தால் 'தியோஸ் அக்கில்லியூஸ்', அதாவது தேவநிகர் அக்கிலீஸ். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தால் 'போதாஸ் ஓக்குஸ் அக்கில்லியூஸ்', இதுதான் உங்கள் விரைகாலன். அதற்கும் மேலே இடம் இருந்தால் 'போதார்க்கேஸ் தியோஸ் அக்கில்லியூஸ்', காலில் வல்ல தேவநிகர் அக்கிலீஸ். ஒடிசியஸுக்கும் இதேபோல் அளவெடுத்துத் தைத்த மூன்று சட்டைகள். ஒரு அளவுக்குப் பெரும்பாலும் ஒரே சட்டைதான் இருக்கும், இரண்டாவது இருக்காது.

இப்படிச் சிக்கனமான ஏற்பாட்டை ஒரே ஆள் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது, பல தலைமுறைப் பாடகர்கள் சேர்த்து வைத்த சொத்து இது என்றார் பாரி. எழுதும் கவிஞனுக்கு இது தேவையும் இல்லை. அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசிக்கலாம். கூட்டத்தின் முன்னால் நின்று அந்தக் கணத்திலேயே கட்டிப் பாடுகிறவனுக்குத்தான் இது வேண்டும். வாய் 'விரைகாலன் அக்கிலீஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மூளை அடுத்த அடியைத் தேடும்.

சரி, சொன்னால் போதுமா? அப்படி யாராவது பாடுகிறார்களா என்று பார்க்க 1933இல் யுகோஸ்லாவியாவுக்குக் கிளம்பினார். அங்கே காப்பிக் கடைகளில் ரம்ஜான் இரவுகளில் ஒற்றை நரம்புள்ள குஸ்லே என்ற கருவியை வைத்துக்கொண்டு விடிய விடிய வீரக்கதை பாடுகிறவர்கள் இருந்தார்கள். அலுமினியத் தட்டில் ஒலிப்பதிவு செய்யும் இயந்திரம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு தட்டு சில நிமிடம்தான் ஓடும் என்பதால் இரண்டு தட்டுகள் மாறி மாறிச் சுழலும்படி செய்து வைத்திருந்தார். பாட்டு எங்கும் அறுந்துவிடக் கூடாதே. அப்படிச் சேர்ந்தவை 3,500 தட்டுகளுக்கு மேல். இன்றும் ஹார்வர்டில் இருக்கின்றன.

அங்கே கிடைத்த முத்து அவ்தோ மெஜெதோவிச். கசாப்புக்கடைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாது, வயது அறுபதுக்கு மேல். அவர் சொல்லச் சொல்ல எழுதி எடுத்த ஒரே கதை 12,000 அடிக்கு மேல் போனது. ஒடிசியின் நீளம்! பாரி ஒரு சோதனையும் செய்தார். அவ்தோ அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை வேறொரு பாடகரைக் கொண்டு அவர் முன்னால் பாடவைத்தார். அது சுமார் 2,300 அடி. முடிந்ததும், நீங்கள் பாடுங்கள் என்றார். அவ்தோ பாடினார்: 6,300 அடி. அதே கதைதான், ஆனால் ஆட்களின் முகமும் குதிரையின் சேணமும் மனசின் தயக்கமும் எல்லாம் கூடிவிட்டன.

1935 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் விடுதி அறையில் துப்பாக்கி வெடித்து பாரி இறந்துபோனார். 33 வயது. மிச்ச வேலையை அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் எடுத்துச் செய்து 1960இல் நூலாக்கினார்.

செம்பருத்தி | திங்கள், காலை 8:20

ரயிலில் இருந்தபடி வாசித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன், கடலோடி அண்ணா! மேலாளரிடம் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு கேள்வி. அந்தப் பாடகர்கள் ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றிப் பாடுகிறோம் என்று ஒப்புக்கொண்டார்களா?

கடலோடி72 | திங்கள், மதியம் 2:15

அதுதான் வேடிக்கை. சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி அப்படியே பாடுவேன் என்று சத்தியம் செய்தவர்கள் இருக்கிறார்கள். பதிவை வைத்து ஒப்பிட்டால் அடிகள் மாறியிருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. எழுத்து தெரியாதவருக்குச் 'சொல்' என்பது அச்சில் இடைவெளி விட்டு நிற்கிற ஒன்று இல்லை. கதை பிசகாமல், கட்டு குலையாமல் சொன்னால் அவருக்கு அது அதே பாட்டுதான். என் பாட்டி மீன் குழம்பை அம்மா சொன்னபடியே வைப்பதாகச் சொல்வார். என் பெரியம்மாவும் அதையே சொல்வார். இரண்டு குழம்பும் ஒன்றாக இருக்காது.

எதிர்க்காற்று | திங்கள், மாலை 6:40

எல்லாம் சரி, எனக்கு ஒன்று உறுத்துகிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டால் ஹோமர் ஒரு சட்டைக்கடை. அளவு சொன்னால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். அப்படியென்றால் இரண்டாயிரத்து எழுநூறு வருடமாக உலகம் எதைப் பார்த்து வியக்கிறது?

3ஆம் காண்டத்தை எடுங்கள். போருக்குக் காரணமான ஹெலன் டிராய் மதில்மேல் நின்று கிரேக்கப் படையில் ஒவ்வொருவராக அடையாளம் காட்டுகிறாள். தன் அண்ணன் தம்பி இருவரை மட்டும் காணவில்லை. என்னால் வந்த அவமானத்துக்கு அஞ்சி அவர்கள் போருக்கு வரவில்லையோ என்கிறாள். உடனே கவிஞர் சொல்கிறார்: அவள் அப்படிச் சொன்னாள், ஆனால் அவர்களை ஏற்கெனவே உயிர் தரும் மண் மூடிவிட்டது, அங்கே லாசிடைமோனில், சொந்த நாட்டில்.

செத்தவர்களை மூடிய மண்ணுக்கு 'உயிர் தரும்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில விமர்சகர் ஜான் ரஸ்கின் இந்த இடத்தில் உருகிப்போனார். உங்கள் பாரி கட்சிக்காரர்கள் வந்து, அது வழக்கமான அடைமொழி, ரஸ்கின் இல்லாத நயத்தை ஏற்றிவிட்டார் என்பார்கள். எனக்கு ரஸ்கின்தான் சரி. கவிதையை எண்ணிப் பார்க்கிறவனுக்கு எண்ணிக்கைதான் கிடைக்கும்.

வெண்பாப்பிரியன் | திங்கள், இரவு 8:02

தம்பி, கோபம் வேண்டாம். ஆனால் இந்தப் பக்கமும் பாருங்கள். ஒடிசியின் தொடக்கத்தில் தேவராஜன் சீயஸ் தேவசபையில் ஏகிஸ்தஸை நினைக்கிறார். யார் இந்த ஏகிஸ்தஸ்? அகமெம்னன் போருக்குப் போயிருந்தபோது அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு, திரும்பி வந்தவனைக் கொன்ற ஆள். அவனைக் கவிஞர் எப்படிக் குறிக்கிறார்? 'குற்றமற்ற ஏகிஸ்தஸ்'! அடுத்த மூச்சில் சீயஸ் அவன் குற்றத்தைத்தான் பேசுகிறார்.

உயிர் தரும் மண்ணில் நயம் கண்டால் குற்றமற்ற கொலைகாரனுக்கும் ஒரு நயம் காண வேண்டும். கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.

எதிர்க்காற்று | திங்கள், இரவு 8:11

ஐயா, அதற்கு அவன் பிறப்பால் அழகன், குலத்தால் உயர்ந்தவன் என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒப்புக்கொள்கிறேன், அந்த இடம் எனக்கும் இடிக்கிறது.

பனையோலை | செவ்வாய், அதிகாலை 4:30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், இங்கே இப்போது மாலை. பிறந்தது யாழ்ப்பாணம். இந்த இழையில் ஒரு பெயர் இன்னும் வராதது எனக்குச் சரியான ஆச்சரியம்.

பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரின் கீழ் ஆய்வு செய்தவர். பாரியும் லார்டும் ஹோமருக்குச் செய்ததை அவர் சங்கப் பாடல்களுக்குச் செய்து பார்த்தார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. தமிழ் வீரயுகக் கவிதை பற்றியது. பிறகு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

நெய்தல் பாட்டுகளை எடுத்துப் பாருங்கோ. 'தண்ணந் துறைவன்', 'மெல்லம் புலம்பன்'. தலைவன் நல்லவனோ கைவிட்டவனோ, அவன் துறை குளிர்ந்துதான் இருக்கும். குறிஞ்சிக்குப் போனால் 'குன்ற நாடன்'. தலைவி அழுதுகொண்டு அவனைத் திட்டும்போதும் அவன் தண்ணந் துறைவன்தான். செம்பருத்தி தங்கச்சி கேட்ட விரைகாலன் கேள்வியை எங்கட வீட்டுக்குள்ளேயே கேட்டிருக்கலாம்.

எங்கட அப்பா அவருடைய வகுப்பில் இருந்தவர். பாணர் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மணி அடித்ததும் தெரியாது என்று சொல்லுவார்.

வெண்பாப்பிரியன் | செவ்வாய், காலை 6:15

நன்றி ஐயா. என் நினைவில் இருந்தும் எழுதாமல் விட்டது என் பிழை.

ஒரு சின்ன மறுப்பு மட்டும். அவர் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் எழுதிய நூலில், பாணர்களின் வாய்மொழிப் பாட்டுதான் வேர், ஆனால் நம் கையில் இருப்பவை அந்தப் பாணி தெரிந்த, எழுத்தறிந்த புலவர்கள் இயற்றியவை என்றார். எனக்கும் அதுதான் பொருந்துகிறது. ஐந்தடி குறுந்தொகைப் பாட்டை ஒருவன் மேடையில் நின்று அவசரமாகக் கட்டத் தேவையில்லை. இலியட் வேறு, அது மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓட வேண்டியது. தொடர் வழக்கு இரண்டிலும் உண்டு, தேவை ஒன்றல்ல. இன்னொன்று, 'தண்ணந் துறைவன்' என்னும்போது அந்தக் குளிர்ச்சியை அவன் சூட்டோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லும், இயற்கை வருணனையில் மறைபொருள் தேடும் உள்ளுறைக்காரர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். எதிர்க்காற்றுத் தம்பிக்கு அங்கே இடம் உண்டு.

மண்வெட்டி | செவ்வாய், காலை 11:27

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். டிராய் நிஜமா, கதையா? கிரேக்க வீரர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்த கதை இலியட்டில் எந்தக் காண்டம்? நேரே அங்கே போய் வாசிக்கலாம் என்று தேடினேன், கிடைக்கவில்லை.

கடலோடி72 | செவ்வாய், மதியம் 1:50

கிடைக்காது. இலியட்டில் குதிரை இல்லை, அக்கிலீஸின் குதிகாலில் அம்பும் இல்லை. பத்து வருடப் போரில் கடைசி வருடத்தின் சில வாரங்கள்தான் அதில் வருகின்றன. குதிரையை ஒடிசியில் ஹெலனின் கணவன் மெனலாஸ் ஒருமுறை நினைவுகூர்வான், பார்வையற்ற பாடகன் தெமோதோகஸ் ஒருமுறை பாடுவான், கேட்டுக்கொண்டிருக்கும் ஒடிசியஸ் அழுவான். நமக்குத் தெரிந்த விரிவான குதிரைக் கதை ரோமானியக் கவிஞர் வெர்ஜில் எழுதியது, லத்தீனில், ஏழெட்டு நூற்றாண்டு கழித்து. அதுவும் தோற்றவன் வாயால் சொல்லப்படுகிறது.

டிராய் பற்றிச் சுருக்கமாக: துருக்கியில் ஹிசார்லிக் என்ற மேடு. ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜெர்மன் வணிகர் 1870களில் தோண்டினார். அங்கே ஊர்மேல் ஊராக ஒன்பது அடுக்குகள். அவசரத்தில் நடுவே பெரிய அகழியாக வெட்டிக்கொண்டு போய், 1873இல் கிடைத்த தங்கத்தை டிராய் அரசன் பெயரால் 'பிரியாமின் புதையல்' என்றார். அது போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் முந்தையது! தேடிய ஊரின் பகுதிகளை வெட்டித் தள்ளிவிட்டு அதற்கு அடியிலிருந்த ஊரைக் கண்டுபிடித்த மனிதர். அந்தத் தங்கம் பெர்லின் போய், 1945இல் சோவியத் படையோடு மாஸ்கோ போய், இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மண்வெட்டி | செவ்வாய், மதியம் 2:04

என் புனைபெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

நெறியாளர் | செவ்வாய், மதியம் 2:30

அகழாய்வு பற்றித் தனி இழை தொடங்கலாம். இங்கே கவிதையோடு நிற்போம்.

கடலோடி72 | செவ்வாய், மதியம் 2:41

கவிதைக்கே வருகிறேன், ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு. 10ஆம் காண்டத்தில் ஒடிசியஸ் இரவு வேவு பார்க்கப் போகும்போது ஒரு தலைக்கவசம் தருகிறார்கள். உள்ளே தோல் வார்கள், கம்பளி. வெளியே காட்டுப்பன்றியின் வெண்பற்களை வரிசையாக இருபுறமும் பதித்தது. வெண்கலக் காலக் கிரேக்கர்களான மைசீனியர்களின் கல்லறைகளில் அப்படியே கிடைத்திருக்கிறது. ஆனால் ஹோமர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே அது வழக்கொழிந்துவிட்டது. பாடியவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பு அரிது. பாட்டு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. எதிர்க்காற்று சட்டைக்கடை என்றாரே, அது கொஞ்சம் பாட்டி வீட்டுப் பரண் மாதிரி என்பேன்.

தேன்சிட்டு | செவ்வாய், இரவு 9:15

இத்தனை நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மொழிபெயர்ப்பு என் தொழில், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

ஹோமரின் செல்வாக்கு என்று பேசும்போது எல்லோரும் அவரை வாசித்ததால் வந்தது என்று நினைக்கிறோம். பாதிக் காலம் யாரும் வாசிக்கவே இல்லை! மேற்கு ஐரோப்பாவில் கிரேக்கம் தெரிந்தவர்களே அருகிப்போயிருந்தார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தேவின் நரகத்தில் ஒடிசியஸ் வருகிறான்; வீடு திரும்பாமல் கடைசியாக ஒருமுறை மேற்கே கடலில் போய் மூழ்கிச் சாகிறான். தாந்தே ஒடிசியை வாசித்தவரே இல்லை. லத்தீன் வழியாகக் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, ஹோமரில் இல்லாத முடிவைத் தானே எழுதினார். இன்னொரு இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்குக்கு 1354இல் கிரேக்கச் சுவடி ஒன்று பரிசாக வந்தது. அவருக்குக் கிரேக்கம் படிக்கத் தெரியாது. அனுப்பியவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், உங்கள் ஹோமர் என்னிடம் ஊமையாக இருக்கிறார், இல்லை, நான்தான் அவரிடம் செவிடனாக இருக்கிறேன் என்கிறார். சுவடியை அடிக்கடி அணைத்துக்கொள்வாராம்.

தன்னைக் 'குருடன்' என்று அவர் எழுதவில்லை. ஹோமர் காதுக்கானவர் என்று பாரிக்கு ஆறு நூற்றாண்டு முன்னாலேயே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

என் தொழிலில் அடைமொழி பெரிய தலைவலி. ஒவ்வொரு முறையும் அதே சொல்லைப் போட்டால் பதிப்பாசிரியர் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புவார். மாற்றி மாற்றிப் போட்டால் ஹோமர் போய்விடுவார். எமிலி வில்சன் 2017இல் ஒடிசியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது விடியலின் விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் போட்டார், வாசிக்கிறவர் கண் தாண்டிப் போகக் கூடாது என்று. அதே மொழிபெயர்ப்பில் வேறொரு இடத்தில் அவர் செய்தது எனக்கு இன்னும் பெரிது. 22ஆம் காண்டத்தில் ஒடிசியஸ் வீட்டுப் பணிப்பெண்கள் பன்னிரண்டு பேரைத் தூக்கிலிடுகிறார்கள். வலையில் சிக்கிய பறவைகள் மாதிரி வரிசையாகத் தொங்குகிறார்கள். கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, அதிக நேரம் இல்லை என்கிறார் கவிஞர். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அந்தப் பெண்களுக்கு வசைச்சொல் போட்டிருந்தார்கள். கிரேக்கத்தில் அந்த இடத்தில் வசை இல்லை என்று அவர் காட்டினார். அவர்கள் அடிமைகள், அவ்வளவுதான். இல்லாத அடைமொழியைச் சேர்த்தது மொழிபெயர்த்தவர்களின் கை.

எதிர்க்காற்று | செவ்வாய், இரவு 9:50

அக்கா, இதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

செல்வாக்கு என்றால் எனக்கு இரண்டு பேர். டெரக் வால்காட், கரீபியனில் செயின்ட் லூசியாக்காரர். 1990இல் வந்த அவருடைய நெடுங்கவிதையில் அக்கிலும் ஹெக்டரும் மீனவர்கள். ஹெலன் அந்த ஊரில் வேலைக்காரியாக இருந்த பெண். தகராறு அவளுக்காகத்தான், ஆனால் மதிலும் இல்லை, படையும் இல்லை. இன்னொருவர் கவிஞரே இல்லை. ஜானத்தன் ஷே, வியட்நாம் போரிலிருந்து மனம் உடைந்து வந்தவர்களுக்கு பாஸ்டனில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர். மேலதிகாரி நியாயத்தை மீறுவது, கூட இருந்த நண்பன் சாவது, பிறகு வெறி பிடித்துக் கண்மண் தெரியாமல் கொல்வது. நோயாளிகள் சொன்ன இந்த வரிசை அகமெம்னன், பத்ரோக்ளஸ், அக்கிலீஸ் வரிசையாகவே இருக்கிறதே என்று 1994இல் புத்தகம் எழுதினார். பெயர் வாங்கவோ அழகுக்கோ அவர் ஹோமரைத் தொடவில்லை. நோயாளி பேசுவது புரிய வேண்டியிருந்தது.

டீக்கடை_பெஞ்சு | செவ்வாய், இரவு 10:20

நான் ஒரு பட்டத்தைப் பற்றிக் கிண்டல் அடித்தேன். இப்போது தூக்கம் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

செம்பருத்தி | அடுத்த மாதம், சனி, இரவு 11:05

முடித்துவிட்டேன். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

தேன்சிட்டு அக்கா செவிடு பற்றி எழுதிய பிறகு ஒன்று செய்தேன். கடைசிக் காண்டத்தை ரயிலில் வாசிக்கவில்லை. வீட்டில் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்தேன். துணி எடுக்க வந்த அம்மா, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். கதையைத் தமிழில் சொல்லச் சொல்லி அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பத்ரோக்ளஸைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று பிணத்தைத் தேரில் கட்டி இழுத்தவன் அக்கிலீஸ். மகன் உடலைக் கேட்டு வாங்க, கிழவர் பிரியாம் இரவில் எதிரியின் கூடாரத்துக்குள் போகிறார். மண்டியிட்டு அக்கிலீஸின் கைகளை முத்தமிடுகிறார். அங்கே அந்தக் கைகளுக்கு அடைமொழி: 'ஆளைக் கொல்லும்' கைகள், அவர் பிள்ளைகளில் பலரைக் கொன்றவை. முந்தைய காண்டங்களில் 'ஆளைக் கொல்லும் ஹெக்டர்' என்று பல இடத்தில் பார்த்த நினைவு வந்து திருப்பிப் பார்த்தேன். ஆமாம், அது ஹெக்டரின் சட்டை! செத்தவனின் சட்டை கொன்றவன் கைமேல் கிடக்கிறது.

கடலோடி அண்ணா, ஐயா, இதுவும் இசைநிறையா?

அப்புறம் இருவரும் அழுகிறார்கள், ஒருவர் மகனுக்கு, ஒருவன் தகப்பனுக்கும் நண்பனுக்கும். அழுது முடித்ததும் அக்கிலீஸ், சாப்பிடலாம் வாருங்கள் என்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த நியோபியே சாப்பாட்டை மறக்கவில்லை என்கிறான். அம்மா அந்த இடத்தில், சரிதான், இழவு வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார். உடல் ஊருக்கு வந்ததும் பெண்டாட்டி ஆண்ட்ரமக்கி, தாய், ஹெலன் என்று மூன்று பேர் ஒப்பாரி வைக்கிறார்கள். கட்டிலில் கிடந்து எனக்குக் கை நீட்டிச் சாகவில்லையே, இரவும் பகலும் நினைத்து அழ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று ஆண்ட்ரமக்கி அழுகிற இடத்தில் அம்மா எழுந்து துணியை மடிக்கப் போய்விட்டார். தாத்தா மருத்துவமனையில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது போனவர்.

வெண்பாப்பிரியன் | ஞாயிறு, காலை 5:50

இல்லை அம்மா. அது இசைநிறை இல்லை. பத்ரோக்ளஸின் பிணத்தின் மார்பில் அக்கிலீஸ் கை வைத்து அழும் 18ஆம் காண்டத்திலும் அந்தக் கைகளுக்கு அதே சொல்தான். நேற்று இரவு நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுத் தேடினேன்.

நான் முதலில் எழுதியதில் 'பொருளாக எடுத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்' என்ற வரியை நெறியாளர் நீக்கிவிடலாம்.

கடலோடி72 | ஞாயிறு, காலை 9:33

நீக்க வேண்டாம் ஐயா, இருக்கட்டும். பாரியும் இருக்கட்டும். அலமாரியில் சட்டை இருந்ததால்தானே அதை எடுத்து வேறொருவன்மேல் போட முடிந்தது. கேட்டவர்களுக்கு அது யாருடையது என்று தெரிந்திருந்தது. ஒன்பது காண்டத்தில் சலித்துப்போன செம்பருத்திக்கும் இருபத்து நான்கில் தெரிந்துவிட்டது.

ஒரு வேலை பாக்கி. கடைசி வரியைப் பார்த்தீர்களா? கிரேக்கத்தில் இலியட்டின் முதல் சொல் 'சினம்'. கடைசிச் சொல் என்ன என்று உங்கள் மொழிபெயர்ப்பில் தெரிகிறதா?

செம்பருத்தி | ஞாயிறு, காலை 9:58

'இப்படியாக அவர்கள் ஹெக்டரின் ஈமக்கடனை முடித்தார்கள், குதிரைகளைப் பழக்குபவன் அவன்.'

அடைமொழியா!

கடலோடி72 | ஞாயிறு, காலை 10:02

'ஹிப்போதமோய்யோ.' வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.